விஎம்ல கெர்னல் மாடியூல் லோட் ஆகலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்குல, பாயான் லெப்பாஸ் பக்கம் சர்வர் பார்த்துக்கிற வேலை செய்றேன். சனிக்கிழமை சாயங்காலம் பாலம் தாண்டி பட்டர்வொர்த் போயி நம்ம பிள்ளைங்க ஒரு பத்து பேருக்கு லினக்ஸ் சொல்லித் தர்றேன், அவங்க வேலைக்குப் போனதுக்கு அப்புறமும் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல கேள்வி வரும், கேஎல்ல (கோலாலம்பூர்) இருக்கிறவங்ககிட்டருந்தும் வரும். அதுல பாதிக்கு மேல கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) மாடியூல் பத்தினதுதான், அதுவும் விஎம்க்குள்ள, அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்னு உட்கார்ந்தேன்.

கமாண்டு, எரர் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரியே தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிங்க.

கே: அண்ணே, மொதல்ல மாடியூல்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லுங்க.

கெர்னல் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ரீபூட் இல்லாம, அதுக்குள்ள சேர்த்து விடுற ஒரு துண்டு கோட். நெட்வொர்க் கார்டு டிரைவரா இருக்கலாம், ஃபைல்சிஸ்டமா இருக்கலாம், ஃபயர்வாலோட ஒரு பகுதியா இருக்கலாம். ஃபைல் பேரு .கேஓ ன்னு முடியும், சில டிஸ்ட்ரோல (லினக்ஸ் வகையில) கம்ப்ரெஸ் பண்ணி .எக்ஸ்இசட், .இசட்எஸ்டி ன்னு இன்னொரு வால் இருக்கும், அதை மாடியூல் ஏத்துற கமாண்டான மாட்ப்ரோப்பே பார்த்துக்கும். இருக்கிற இடம் /லிப்/மாடியூல்ஸ், அதுக்குள்ள ஒவ்வொரு கெர்னல் வெர்ஷனுக்கும் அதே பேர்ல ஒரு ஃபோல்டர். இந்த வெர்ஷன் ஃபோல்டர் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற முக்காவாசி பிரச்சனை அங்கதான் கிடக்கு.

கே: மாடியூல் லோட் ஆகல. எங்கருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

"இந்த கெர்னல் யாரோடது?" இதைத்தான் நான் முதல்ல கேப்பேன், வேற எதையும் கேக்கறதுக்கு முன்னாடி. ஒரு டெரஸ் வீட்டை வாடகைக்கு எடுத்தீங்கன்னா ஃபியூஸ் பெட்டி உங்க கையில இருக்கும், வீட்டுல ஒரு ரூம் மட்டும் வாடகைக்கு எடுத்தீங்கன்னா மெயின் சுவிட்ச் வீட்டுக்காரர்கிட்ட. கேவிஎம், விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி இதெல்லாம் முழு வீடு, உள்ள ஓடுற கெர்னல் உங்களோடது. எல்எக்ஸ்சி, ஓபன்விஇசட், டாக்கர் இதெல்லாம் ரூம், கண்டெய்னர்னு சொல்வாங்க, கெர்னல் ஹோஸ்ட்டோடது (வெளியில இருக்கிற மெஷின்), நீங்க உள்ள ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசர்) இருந்தாலும் மாடியூல் லோட் பண்ற உரிமை வழக்கமா உங்களுக்குக் கிடையாது.

எதுல இருக்கோம்னு தெரியலைன்னா "சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்" னு அடிங்க. கேவிஎம், விஎம்வேர், ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட்னு வந்தா முழு வீடு (ஆரக்கிள்னா விர்ச்சுவல்பாக்ஸ், மைக்ரோசாஃப்ட்னா ஹைப்பர்-வி). எல்எக்ஸ்சி, ஓபன்விஇசட், டாக்கர்னு வந்தா ரூம்.

அடுத்தது டிமெசேஜ், எழுத்துக்கூட்டினா டி-எம்-இ-எஸ்-ஜி. மாட்ப்ரோப் சொல்ற எரர் பெரும்பாலும் நாலு வார்த்தைதான், நிஜக் காரணத்தை கெர்னல் தன்னோட லாக்லதான் எழுதும். நான் எப்பவும் ரெண்டு டெர்மினல் திறந்துக்குவேன், ஒண்ணுல "சூடோ டிமெசேஜ் -டபிள்யூ" ஓடிக்கிட்டே இருக்கும், இன்னொண்ணுல மாட்ப்ரோப் அடிப்பேன், அந்த நிமிஷமே அங்க என்ன வரி விழுதுன்னு பார்ப்பேன். எரரை அப்படியே கூகிள்ல போட்டு முதல்ல வர்ற கமாண்டை காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இந்த ஒரு வரியைப் படிங்க.

கே: மாசம் பதினஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்தேன், விபிஎன் போடலாம்னு பார்த்தா "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்" னு வருது. நான் ரூட்தான் அண்ணே!

ரூட்தான், ஆனா ரூமுக்குள்ள ரூட். விலை கம்மியா இருக்கிற விபிஎஸ் நிறைய கண்டெய்னர்தான். அங்க யூநேம் -ஆர் அடிச்சா ஹோஸ்ட்டோட கெர்னல் வெர்ஷன் வரும், பழைய ஓபன்விஇசட் 6 ஆ இருந்தா 2.6.32 ன்னு வரும், 7 ஆ இருந்தா 3.10 ன்னு வரும். நீங்க உள்ள புது உபுண்டு போட்டு அப்டேட் பண்ணினாலும் அந்த நம்பர் மாறவே மாறாது, ஏன்னா நீங்க இன்ஸ்டால் பண்ற கெர்னல் பேக்கேஜ் சும்மா டிஸ்க்ல உட்கார்ந்திருக்கும், அதை யாரும் பூட் பண்றது இல்லை.

இதுக்கு வழி மூணு இருக்கு. ஒண்ணு, கண்ட்ரோல் பேனல்ல டன்/டேப் (விபிஎன்னுக்கான போலி நெட்வொர்க் டிவைஸ்) னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆன் பண்ணி /டெவ்/நெட்/டன் வந்துச்சான்னு பாருங்க, ஓபன்விபிஎன்னுக்கு அது போதும். ரெண்டாவது, வயர்கார்டு (இன்னொரு விபிஎன்) வேணும்னா மாடியூல் இல்லாம யூசர்ஸ்பேஸ்ல, அதாவது கெர்னலுக்கு வெளியில சாதாரண ப்ரோகிராமா ஓடுற வயர்கார்டு-கோ இருக்கு, வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா அதுக்கும் டன் டிவைஸ் வேணும். மூணாவது, இன்னும் அஞ்சு பத்து வெள்ளி சேர்த்து கேவிஎம் விபிஎஸ்க்கு மாறிடுங்க. என்னைக் கேட்டா மூணாவதுதான், மாடியூல் தேவைப்படுற வேலைக்கு கண்டெய்னர்ல கிடந்து மல்லாடுறது வேஸ்ட். வயர்கார்டு 2020ல 5.6 கெர்னல்லருந்து மெயின்லைன்லயே (கெர்னலோட மூல சோர்ஸ்லயே) இருக்கு, அதனால கேவிஎம்ல புது டிஸ்ட்ரோ போட்டா வேற ஒண்ணுமே பண்ண வேணாம்.

முழு விஎம்லயும் இதே எரர் வந்தா? "சிஸ்கன்ட்ரோல் கெர்னல்.மாடியூல்ஸ்_டிசேபிள்ட்" பாருங்க. 1 ன்னு இருந்தா யாரோ செக்யூரிட்டிக்காகப் பூட்டி வச்சிருக்காங்க, அதைத் திரும்ப 0 ஆக்க முடியாது, ரீபூட் மட்டும்தான்.

கே: டாக்கர் கண்டெய்னருக்குள்ள மாட்ப்ரோப் ஓட வைக்க முடியுமா?

முடியும், சிஸ்_மாடியூல் உரிமையைக் கொடுத்து /லிப்/மாடியூல்ஸை உள்ள மவுண்ட் பண்ணினா ஓடும். ஆனா அந்த உரிமையைக் கொடுத்துட்டீங்கன்னா கண்டெய்னருக்குள்ள இருக்கிற யாரும் ஹோஸ்ட் கெர்னல்ல என்ன கோட் வேணும்னாலும் போடலாம், அப்புறம் கண்டெய்னர் எதுக்கு. தேவையான மாடியூல் பேரை ஹோஸ்ட்ல /ஈடிசி/மாடியூல்ஸ்-லோட்.டி க்குள்ள ஒரு .கான்ஃப் ஃபைல்ல எழுதி வச்சிடுங்க, வரிக்கு ஒரு பேரு. குபர்னெட்டிஸ்க்கு (நிறைய கண்டெய்னரை நிர்வாகம் பண்ற சாஃப்ட்வேர்) ஓவர்லே, பிஆர்_நெட்ஃபில்டர் ரெண்டையும் இப்படித்தான் போடுறோம்.

கே: "மாடியூல் நாட் ஃபவுண்ட் இன் டைரக்டரி" னு வருது, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.

இதுக்கு நான் ஒரு கதை சொல்லியாகணும், ஏன்னா இது ஒரு வாரம் தவறாம யாராவது ஒருத்தருக்கு நடக்குது.

கேஎல்ல செந்தூல் பக்கம் ஒரு சின்ன கணக்கு ஆபீஸ், அவங்களோட பேக்கப் எல்லாம் ஒரு டெபியன் விஎம்ல இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல்சிஸ்டம்) பூல்ல இருந்துச்சு, என்கிட்ட படிச்ச ஒரு தம்பிதான் பார்த்துக்கிட்டான். மத்தியானம் நாலு மணிக்கு வழக்கம்போல இடி மழை, கரண்டு ட்ரிப் ஆச்சு, யூபிஎஸ் பேட்டரி செத்துப் போயிருந்துச்சு, எல்லாம் ஆஃப் ஆகித் திரும்ப ஆன் ஆச்சு. விஎம் வந்துச்சு, பூல் வரல. "இசட்எஃப்எஸ் மாடியூல்ஸ் ஆர் நாட் லோடட்" னு மெசேஜ், மாட்ப்ரோப் அடிச்சா நாட் ஃபவுண்ட். அந்த ஆபீஸ் முதலாளியம்மா பின்னாடி நின்னு பத்து வருஷ கணக்கு போச்சான்னு அழுவுறாங்க, தம்பி எனக்கு போன் பண்ணி டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சு அண்ணே, ஃபார்மட் பண்ணிட்டு கிளவுட்லருந்து எடுக்கவான்னு கேக்குறான். ஒண்ணும் தொடாதடா, யூநேம் -ஆர் மட்டும் அடின்னு சொன்னேன். புது கெர்னல். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்தா பழைய கெர்னலுக்கு மட்டும்தான் இசட்எஃப்எஸ் பில்ட் ஆகியிருக்கு.

நடந்தது என்னன்னா, ஆட்டோ அப்டேட் மூணு வாரத்துக்கு முன்னாடியே புது கெர்னலை இறக்கி வச்சிடுச்சு. மெஷின் ரீபூட் ஆகாததால பழைய கெர்னலே ஓடிக்கிட்டு இருந்துச்சு. டெபியன்ல இசட்எஃப்எஸ் மாடியூல் ரெடிமேடா வராது, டிகேஎம்எஸ்தான் ஒவ்வொரு கெர்னலுக்கும் கம்பைல் பண்ணும், கம்பைல் பண்ண அந்த கெர்னலோட ஹெட்டர்ஸ் (கம்பைலுக்குத் தேவையான ஃபைல்கள்) வேணும், தம்பி ஆரம்பத்துல குறிப்பிட்ட வெர்ஷன் ஹெட்டர்ஸ் மட்டும் போட்டிருந்தான், அதனால புது கெர்னலுக்கு ஹெட்டர்ஸ் வரல, டிகேஎம்எஸ் ஒரு வரி முணுமுணுத்துட்டு விட்டுடுச்சு. மழை அன்னிக்கு வந்தது வெறும் ரீபூட்தான், பிரச்சனை மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்தாச்சு.

சரி பண்ணினது இவ்வளவுதான்: லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64 ங்கிற மெட்டா பேக்கேஜை போட்டோம், உபுண்டுவா இருந்தா அது லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனெரிக், இது இருந்தா ஒவ்வொரு கெர்னலோடவும் ஹெட்டர்ஸ் தானா வந்துடும். அப்புறம் "டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்", அப்புறம் மாட்ப்ரோப் இசட்எஃப்எஸ், இசட்பூல் இம்போர்ட். ஒரு ஃபைல் கூட போகல. அந்தம்மா ஃபோன்ல என்கிட்ட பேசவே முடியல, தம்பிதான் நன்றி சொன்னாங்கன்னு சொன்னான். மாடியூல் இல்லைன்னா டிஸ்க் காலியா தெரியும், டேட்டா போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. இதை எல்லாருக்கும் சொல்லுங்க.

இதே எரர் வேற மாதிரியும் வரும். கெர்னல் அப்டேட் ஆகி பழைய வெர்ஷன் ஃபோல்டர் போயிருக்கும், ஆனா ஓடுறது இன்னும் பழைய கெர்னல், அப்போ ரீபூட் பண்ணினா சரி. இல்லைன்னா /பூட் பார்ட்டிஷன் ரொம்பி அப்டேட் பாதியில நின்னிருக்கும், டிஎஃப் -எச் /பூட் பாருங்க. எல்லாத்துலயும் முதல் வேலை ஒண்ணுதான், யூநேம் -ஆர் சொல்ற பேரும் /லிப்/மாடியூல்ஸ்ல இருக்கிற ஃபோல்டர் பேரும் ஒண்ணா இருக்கான்னு பக்கத்துல வச்சுப் பார்க்கிறது.

கே: எல்எஸ்மாட்ல மாடியூல் பேரே இல்ல, ஆனா வேலை செய்யுதே?

கெர்னலுக்குள்ளயே சேர்த்து கட்டியிருப்பாங்க. எல்எஸ்மாட் தனியா லோட் ஆனதை மட்டும்தான் காட்டும். /பூட் ல கான்ஃபிக் ஃபைல் இருக்கும், அதுல அந்த பேருக்கு நேரா "ஒய்" இருந்தா உள்ளேயே இருக்கு, "எம்" இருந்தா மாடியூல். மாடியூல்ஸ்.பில்டின் ங்கிற ஃபைல்லயும் தேடலாம்.

கே: ஃபேக்டரி மெஷினோட யூஎஸ்பி-சீரியல் கேபிளை விஎம்க்கு பாஸ்த்ரூ பண்ணினேன் (நேரா விஎம்கிட்டயே கொடுத்தேன்), எல்எஸ்யூஎஸ்பில தெரியுது, ஆனா /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0 வரவே மாட்டேங்குது.

பிறை, பாயான் லெப்பாஸ்ல வேலை செய்ற பிள்ளைங்ககிட்டருந்து அடிக்கடி வர்ற கேள்வி. நீங்க கிளவுட் இமேஜ்லருந்து விஎம் போட்டிருப்பீங்க. டெபியன் கிளவுட் கெர்னலும் சரி, உபுண்டுவோட விர்ச்சுவல் கெர்னலும் சரி, விஎம்ல நிஜ ஹார்ட்வேர் இருக்காதுன்னு நினைச்சு டிரைவர்களைக் குறைச்சுத் தர்ற கெர்னல். எஃப்டிடிஐ_எஸ்ஐஓ, சிஎச்341, சிடிசி_ஏசிஎம் இந்த மாதிரி மாடியூல் அதுல இல்லாம போகும். உபுண்டுல லினக்ஸ்-மாடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா, பின்னாடி யூநேம் -ஆர் நம்பர், அந்த பேக்கேஜைப் போடுங்க. டெபியன்ல லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 போட்டுட்டு கிளவுட் கெர்னலை எடுத்துட்டு ரீபூட். கேபிளை மாத்திப் பார்க்கிறேன்னு கடைக்கு ஓடாதீங்க, ஒருத்தர் கேஎல்ல லோ யாட் கம்ப்யூட்டர் மாலுக்கு ரெண்டு தடவை போயி மூணு கேபிள் வாங்கினதுக்கு அப்புறம்தான் என்கிட்ட கேட்டார்.

கே: "இன்வேலிட் மாடியூல் ஃபார்மேட்" னு சொல்லுது. ஃபைல் கெட்டுப் போச்சா?

ஃபைல் நல்லாத்தான் இருக்கும், வேற கெர்னலுக்குக் கட்டினது. ஒவ்வொரு மாடியூலுக்குள்ளயும் வெர்மேஜிக்னு ஒரு வரி இருக்கும், எந்த கெர்னல் வெர்ஷன், எஸ்எம்பியா (பல சிபியூவுக்கானதா), அப்படின்னு. "மாட்இன்ஃபோ -எஃப் வெர்மேஜிக்" போட்டு மாடியூல் பேரைக் கொடுத்தா காட்டும், அதை யூநேம் -ஆர் கூட ஒப்பிடுங்க. ஒரு விஎம்ல கட்டின .கேஓ ஃபைலை இன்னொரு விஎம்க்கு காப்பி பண்றவங்களுக்கு, ரெண்டுலயும் கெர்னல் வேறன்னா, இது கண்டிப்பா வரும். அங்கேயே திரும்ப கட்டுங்க.

"அன்நோன் சிம்பல்" வேற கதை. உங்க மாடியூல் இன்னொரு மாடியூலை நம்பி இருக்கு, அந்த இன்னொண்ணு இன்னும் லோட் ஆகல. இன்ஸ்மாட் யூஸ் பண்ணினீங்களா? இன்ஸ்மாட் நீங்க கொடுத்த ஒரு ஃபைலை மட்டும்தான் போடும், கூட என்ன வேணும்னு பார்க்காது. "டெப்மாட் -ஏ" அடிச்சுட்டு மாட்ப்ரோப்ல போடுங்க, அது வரிசையா எல்லாத்தையும் இழுத்துட்டு வரும். ஆனா டிமெசேஜ்ல "டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்" னு இருந்தா அதுவும் கெர்னல் மாறினதுதான், திரும்ப கட்டணும்.

மாட்ப்ரோப் --ஃபோர்ஸ் போட்டா ஏறிடும்னு ஒரு இடத்துல படிச்சேன்னு சொல்லாதீங்க. சில கெர்னல்ல ஏறும், சரிதான், ஆனா கெர்னலுக்குள்ள டேட்டா அமைப்பு மாறியிருந்தா அந்த மாடியூல் தப்பான இடத்துல எழுதும், டிஸ்க் டிரைவரா இருந்தா உங்க ஃபைல்சிஸ்டமே போகும்.

கே: டிகேஎம்எஸ் பில்ட் ஃபெயில், லாக் நூறு வரி வருது, எதைப் படிக்கிறது?

/வார்/லிப்/டிகேஎம்எஸ் குள்ள மாடியூல் பேரு, வெர்ஷன், பில்ட், அதுக்குள்ள மேக்.லாக். கடைசி வரியைப் படிக்காதீங்க, அது சும்மா "எரர் 2" ன்னு சொல்லும். மேலருந்து தேடி முதல்ல "எரர்" னு வர்ற இடத்தைப் படிங்க. "-எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்" ங்கிற ஆப்ஷன் தெரியலைன்னு ஜிசிசி (கம்பைலர்) அழுதுச்சுன்னா, கெர்னலை ஜிசிசி 12ல கட்டியிருக்காங்க, உங்ககிட்ட 11 இருக்குன்னு அர்த்தம், உபுண்டு 22.04ல புது எச்டபிள்யூஇ (புது ஹார்ட்வேருக்கான) கெர்னல் போட்டவங்க நிறைய பேர் இதுல மாட்டினாங்க, ஜிசிசி-12 போட்டா சரியாகும். வேற எதாவது ஃபங்ஷன் பேரு தெரியலைன்னு வந்தா அந்த மாடியூலோட சோர்ஸ் உங்க கெர்னலை விடப் பழசு, புது வெர்ஷன் வர்ற வரைக்கும் பழைய கெர்னல்ல பூட் பண்ணி இருங்க.

கே: "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்". இது என்ன சாவி?

செக்யூர் பூட். "மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்" அடிங்க, எனேபிள்ட்னு வந்தா, கையெழுத்துப் போட்ட மாடியூலை மட்டும்தான் கெர்னல் ஏத்தும். பழைய கெர்னல்ல "ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்" னு வரும், விஷயம் ஒண்ணுதான். என் விஎம்ல செக்யூர் பூட் எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ப்ராக்ஸ்மாக்ஸ்ல (விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர்) யூஇஎஃப்ஐ (பூட் ஃபர்ம்வேர்) டிஸ்க் போடும்போது ப்ரீ-என்ரோல் கீஸ்னு ஒரு டிக் இருக்கும், அதை அப்படியே விட்டா செக்யூர் பூட் ஆன்தான்.

டெஸ்ட் மெஷின்னா ஆஃப் பண்ணிடலாம், அது உங்க இஷ்டம். ஆபீஸ் சர்வர்னா கீயைச் சேருங்க. உபுண்டுல சாவி /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக் ல இருக்கும், மோக்யூடில் --இம்போர்ட் பண்ணினா ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அது ஒரு தடவைக்கு மட்டும். அப்புறம் ரீபூட். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க: ரீபூட் ஆகும்போது நீல கலர்ல ஒரு ஸ்கிரீன் வரும், பத்து செகண்டுல ஒரு கீ அமுக்கலைன்னா போயிடும். எஸ்எஸ்எச்ல (ரிமோட் லாகின்) உட்கார்ந்திருந்தா அந்த ஸ்கிரீனைப் பார்க்கவே முடியாது. அதனால ரீபூட்டுக்கு முன்னாடியே விஎம்மோட கன்சோல் விண்டோவைத் திறந்து வச்சுக்கிட்டு, என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, அப்புறம் ரீபூட்.

இன்னொண்ணு, இந்த சாவி விஎம் டிஸ்க்ல இல்லை, யூஇஎஃப்ஐயோட தனி என்விராம் (செட்டிங் சேமிக்கிற) ஃபைல்ல இருக்கு. டிஸ்க்கை மட்டும் காப்பி எடுத்து வேற இடத்துல விஎம் கட்டினா சாவி கூட வராது, மாடியூல் திரும்ப ரிஜெக்ட் ஆகும்.

கே: டிமெசேஜ்ல "டெயின்டிங் கெர்னல்" னு பார்த்தேன், பயமா இருக்கு அண்ணா, ஹேக் ஆயிடுச்சா?

இல்லை தங்கச்சி. கெர்னலோட சேர்ந்து வராத மாடியூலோ, கையெழுத்து இல்லாத மாடியூலோ ஏறினா கெர்னல் தனக்குத்தானே ஒரு குறி வச்சுக்கும், அவ்வளவுதான். நீங்களே போட்ட மாடியூல் எதுன்னு தெரிஞ்சா விட்டுடுங்க. நீங்க போடாத ஒண்ணோட பேரு அந்த வரியில இருந்தா மட்டும் விசாரிங்க.

கே: லெப்டோப்ல கெர்னல் அப்டேட் ஆனதுக்கு அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு விஎம் கூட ஸ்டார்ட் ஆகல, விடி-எக்ஸை (சிபியூவோட விர்ச்சுவலைசேஷன் வசதி) வேற ஹைப்பர்வைசர் (விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர்) யூஸ் பண்ணுதுன்னு சொல்லுது. நான் வேற எதுவும் போடல.

உண்மைதான், நீங்க எதுவும் போடல. 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்லருந்து கேவிஎம் மாடியூல் லோட் ஆன உடனேயே சிபியூவோட விர்ச்சுவலைசேஷனைப் பிடிச்சுக்கும், முன்னாடி ஒரு கேவிஎம் விஎம் ஓட்டும்போது மட்டும்தான் பிடிக்கும். கேவிஎம் மாடியூல் சிபியூவைப் பார்த்து தானா லோட் ஆகிறதால உங்களுக்குத் தெரியாமலே நடக்குது. இப்போதைக்கு "மாட்ப்ரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்", ஏஎம்டி சிபியூனா கேவிஎம்_ஏஎம்டி. நிரந்தரமா வேணும்னா கிரப்ல (பூட் மெனு) கெர்னல் வரியில கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0 சேருங்க. அடிக்கோடு எங்க வருதுன்னு பார்த்து அடிங்க.

கெஸ்ட்டுக்குள்ள (விஎம்க்குள்ள) ஷேர்ட் ஃபோல்டர் வரலைங்கிறது வேற. அங்க விபாக்ஸ்கெஸ்ட், விபாக்ஸ்எஸ்எஃப் ரெண்டும் எல்எஸ்மாட்ல இருக்கான்னு பாருங்க. விபாக்ஸ்எஸ்எஃப் கெர்னல் 5.6லருந்து மெயின்லைன்லயே இருக்கு. கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியிலருந்து போட்டவங்க, கெர்னல் மாறினா ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப் திரும்ப ஓட்டணும், லாக் /வார்/லாக்/விபாக்ஸ்ஆட்-செட்டப்.லாக்.

கே: விஎம்க்குள்ள இன்னொரு விஎம் ஓட்டணும், கேவிஎம்_இன்டெல் "ஆப்பரேஷன் நாட் சப்போர்டட்" ங்குது.

உள்ள /ப்ராக்/சிபியூஇன்ஃபோல விஎம்எக்ஸ், ஏஎம்டினா எஸ்விஎம் ங்கிற வார்த்தை இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா கெஸ்ட்டுக்குள்ள என்ன பண்ணினாலும் ஆகாது, வெளியில ஹோஸ்ட்லதான் வேலை. ஹோஸ்ட்ல கேவிஎம்_இன்டெல்லோட நெஸ்டட் பாராமீட்டர் ஒய் ஆ இருக்கணும், இன்டெல்ல கெர்னல் 4.20லருந்து அது டீஃபால்ட்டே ஆன்தான், அதனால பெரும்பாலும் மிச்சம் இருக்கிறது சிபியூ டைப்பை ஹோஸ்ட்-பாஸ்த்ரூன்னு மாத்துறதுதான். மாத்திட்டு விஎம்மை உள்ளருந்து ரீபூட் பண்ணினா போதாது, முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

கே: விஎம்வேர்லருந்து ப்ராக்ஸ்மாக்ஸ்க்கு மாத்தினோம், பூட் ஆகி டிராகட் டைம்அவுட்னு சொல்லி நிக்குது. டிஸ்க் காப்பி சரியாத்தான் வந்துச்சு.

இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு வந்த கேள்வியில இதுதான் ஜாஸ்தி, விஎம்வேர் லைசன்ஸ் செலவு ஏறினதுலருந்து நிறைய கம்பெனி மாறிக்கிட்டு இருக்காங்க. டிஸ்க் சரி, கெர்னலும் சரி. ஆனா கெர்னல் ரூட் டிஸ்க்கை மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு சின்ன மூட்டையைத் திறக்கும், டிஸ்க் டிரைவர் மாடியூல் அதுக்குள்ள இருக்கணும். அல்மா, ராக்கி, ரெட்ஹேட்ல டிராகட் அந்த மூட்டையைக் கட்டும்போது அப்போ ஓடுற மெஷினுக்குத் தேவையானதை மட்டும்தான் எடுத்து வைக்கும், விஎம்வேர்ல இருந்தப்போ விஎம்டபிள்யூ_பிவிஸ்கசி எடுத்து வச்சது, இப்போ புது இடத்துல விர்ட்ஐஓ டிஸ்க், அதுக்கு டிரைவர் மூட்டையில இல்லை. டிரைவர் /லிப்/மாடியூல்ஸ்ல இருக்கு, ஆனா அந்த ஃபோல்டர் இருக்கிறதே திறக்க முடியாத டிஸ்க்குக்குள்ள. டெபியன், உபுண்டு வழக்கமா பெரும்பாலான டிரைவரை மூட்டையில கட்டுறதால அங்க இது கம்மி.

இப்போ மாட்டி நிக்கிறவங்களுக்கு: கிரப் மெனுல கீழ ரெஸ்க்யூன்னு ஒரு என்ட்ரி இருக்கும், அதோட மூட்டை எல்லா டிரைவரோடவும் கட்டினது, அதுல பூட் பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் ஏறிடும். இல்லைன்னா விஎம் செட்டிங்ல டிஸ்க்கை சேட்டாவா மாத்தி முயற்சி பண்ணுங்க. உள்ள போனதும் டிராகட் -எஃப், கூட --ஆட்-டிரைவர்ஸ் போட்டு விர்ட்ஐஓ_பிஎல்கே, விர்ட்ஐஓ_ஸ்கசி, விர்ட்ஐஓ_பிசிஐ, விர்ட்ஐஓ_நெட். ரெஸ்க்யூல இருக்கும்போது எந்த கெர்னலுக்குக் கட்டுறோம்னு வெர்ஷன் பேரையும் கொடுங்க. அப்புறம் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாத்துங்க. இன்னும் மாத்தாதவங்க இதை விஎம்வேர்ல இருக்கும்போதே ஓட்டிட்டு மாறினா ராத்திரி தூங்கலாம்.

ஏறினதுக்கு அப்புறம் நெட்வொர்க் வராது, அதுக்கு மாடியூலைக் குத்தம் சொல்லாதீங்க. கார்டு பேரு ஈஎன்எஸ்192 ஆ இருந்தது ஈஎன்எஸ்18 ன்னு மாறியிருக்கும், கான்ஃபிக்ல பழைய பேரு இருக்கும். எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பட்டியல்) எஸ்டிஏ ன்னு எழுதியிருந்தா அதுவும் விடிஏ ஆகியிருக்கும், யூயூஐடியா (மாறாத அடையாள நம்பர்) மாத்திடுங்க.

கே: பிளாக்லிஸ்ட் போட்டும் மாடியூல் லோட் ஆகுதே?

பிளாக்லிஸ்ட் தானா லோட் ஆகிறதை மட்டும்தான் தடுக்கும். இன்னொரு மாடியூல் அதைக் கேட்டாலோ, யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ வந்துடும். முழுசா தடுக்கணும்னா /ஈடிசி/மாட்ப்ரோப்.டி ஃபைல்ல "இன்ஸ்டால்", மாடியூல் பேரு, /பின்/ஃபால்ஸ்னு ஒரு வரி எழுதுங்க. எழுதிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்ப கட்டணும், ஏன்னா மூட்டைக்குள்ள பழைய கான்ஃபிக் காப்பி இருக்கும்.

கே: ஒரு மாடியூலை ஆட்டோலோட்ல போட்டுட்டேன், இப்போ விஎம் பூட் ஆகும்போதே பேனிக் ஆகுது (கெர்னல் அப்படியே நின்னுடுது). உள்ளயே போக முடியல.

ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தா திரும்பிடுங்க. எடுக்கலைன்னா கன்சோலைத் திறந்து, பூட் ஆகும்போது ஷிஃப்ட்டோ எஸ்கேப்போ அமுக்கி கிரப் மெனுவைப் பிடிங்க, "ஈ" அமுக்குங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில மாடியூல்_பிளாக்லிஸ்ட்=, பின்னாடி அந்த மாடியூல் பேரு, கன்ட்ரோல்-எக்ஸ். இதை கெர்னலே பார்த்துக்கும், அதனால யார் கூப்பிட்டாலும் ஏறாது. உள்ள போனதும் அந்த ஆட்டோலோட் ஃபைலை அழிச்சிடுங்க.

கே: ஆர்எம்மாட் பண்ணினா "மாடியூல் இஸ் இன் யூஸ்".

எல்எஸ்மாட்ல கடைசி காலம் யார் பிடிச்சிருக்கான்னு சொல்லும், அதை முதல்ல எடுங்க. பேரு இல்லாம நம்பர் மட்டும் இருந்தா ஏதோ மவுண்ட்டோ, ஓடுற ப்ரோசஸோ பிடிச்சிருக்கு. ஆர்எம்மாட் -எஃப் வேணாம், அதுக்கு ரீபூட்டே மேல்.

கே: உங்ககிட்ட கேக்கும்போது என்னென்ன அனுப்பணும்?

யூநேம் -ஆர், சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட், எல்எஸ் /லிப்/மாடியூல்ஸ், நீங்க அடிச்ச கமாண்டு அப்படியே, அதோட எரர் அப்படியே, டிமெசேஜ் கடைசி முப்பது வரி. டிகேஎம்எஸ்னா அதோட ஸ்டேட்டஸும். "வேலை செய்யல அண்ணே" ன்னு மட்டும் அனுப்பினா நான் திரும்ப இதைத்தான் கேப்பேன், அதுல அரை மணி நேரம் போயிடும், அந்த நேரம் அங்க யாரோ சர்வருக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. எழுத்தா காப்பி பண்ணி அனுப்ப முடிஞ்சா நல்லது. கன்சோல் பேனிக்ல நின்னு போட்டோ மட்டும்தான் எடுக்க முடியும்னா, பேஜ்-அப் வேலை செய்யுதான்னு பாருங்க, செஞ்சா மேல போயி இன்னொரு போட்டோவும் எடுங்க, முதல்ல விழுந்த எரர் அங்கதான் இருக்கும்.